நர்ஸம்மா வண்டியின் கூரை

1979 மே 14, திங்கள், இரவு

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஊர் ஊராகப் போய்த் தங்குகிற வீட்டு வண்டி அது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. பலமனேர் ரோட்டில் புளியங்கிளை இடித்து, ஃபைபர் கூரை உடைந்து என் பட்டறைக்கு வந்தது. தகர வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஃபைபர் இதுதான் முதல் தடவை.

காலையில், பெயின்ட் கலக்கிற பழக்கத்தில், பிசினையும் அதை இறுகவைக்கிற மருந்தையும் மொத்தமாகக் கலக்கிவிட்டேன். உடைசல்மேல் ஒட்டுகிற கண்ணாடி இழைத் துணியில் தடவுவதற்குள் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. கலக்காமல் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். வேறு வாங்க மெட்ராஸ் போகவேண்டும். நர்ஸம்மாவோ நாளைக் காலை கிளம்பியாக வேண்டும்.

சோறு கொண்டுவந்த என் மனைவி எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "புத்தூர்ல எலும்பு கட்டறவங்க பத்து மருந்த மொத்தமாவா கொழைக்கிறாங்க? ஒரு சுத்துக்கு வேண்டியத மட்டும் கொழைச்சிக்கினு போடுங்க."

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அப்படியே செய்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நனைந்துகொண்டு நின்றேன்.

"ஒரு சொட்டு கூட எறங்கல அண்ணா" என்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது எங்கள் சமையலறைதான் ஒழுகுகிறது. அடியில் குண்டானை வைத்துவிட்டு எஸ்தர் கேட்கிறாள்: "அந்தப் பிசின்ல மிச்சம் எதுனா இருக்குதா?"