ஏழாம் நம்பர் மலையில் ஒரு பாறை

மே 6, செவ்வாய்
விடியலில் தூறல், பிறகு பனிமூட்டம். செல்போன் வாங்கி மூன்று வாரம். இந்தத் தோட்டத்தில் கவரேஜ் உள்ள இடங்கள்:
1. ஏழாம் நம்பர் மலையில் உள்ள பாறை.
பட்டியல் முடிந்தது.
அட்டன் டவுனில் போன் கடைக்காரர் காட்டிய வரைபடத்தில் எங்கள் தோட்டம் முழுக்கப் பச்சை. அது கவரேஜ் என்று நம்பி வாங்கினேன். தேயிலையாக இருக்க வேண்டும்.

பாறையில் கொத்மலைப் பக்கம் பார்த்து நின்று கத்த வேண்டும். போன வாரம் அக்காவிடம் என் மலச்சிக்கலைப் பற்றிக் கத்தினேன். மாலையில் மூன்று வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்தது.

இன்று பள்ளி விட்டதும் பாறைக்குப் போனபோது சாந்தி யாரிடமோ இரவல் வாங்கிய போனில் அழைத்தாள். வட்டகொடைப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சி வகுப்பில் பழக்கம். இனி சனிக்கிழமைதான் அண்ணனின் போன் கிடைக்குமாம். ஒரு கேள்வி கேட்பாளாம். என் பதிலைப் பார்த்துத்தான் எங்கள் கல்யாணத்துக்குச் சரியா இல்லையா என்று வீட்டில் சொல்வாளாம். "சனிக்கிழமை பதினொரு மணிக்கா? சரி சாந்தி" என்று கத்தினேன். சுற்றிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இருபத்தைந்து பேரும் தலை நிமிரவில்லை. கவலையாக இருக்கிறது.

மே 7, புதன்
வெயில். கவரேஜ் இல்லை என்று போன் கம்பெனிக்கு முறைப்பாடு. வெட்டவெளிக்கு வந்து பேசச் சொன்னாள் அங்கே போனை எடுத்த பெண். பாறை உச்சியில் நிற்கிறேன், இதற்கு மேல் வானம்தான் என்றேன். லைன் கட்.

மே 8, வியாழன்
நிம்மதி. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் மறுபடி அங்கே வர ஏழு நாள். செவ்வாய் ஏழாம் நம்பரில் எடுத்தார்கள். ஆகவே சனியன்று பாறையில் நான் மட்டும். கங்காணியிடமும் விசாரித்தேன். "சனிக்கெழம மூணாம் நம்பருங்க சேர்" என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மே 9, வெள்ளி
மழை. கேள்வி என்னவாக இருக்கும்? சம்பளம். அம்மாவின் குணம். குறட்டை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் தயார். கண்ணாடி முன் ஒத்திகை, திருப்தி இல்லை.
போனுக்கு ரீலோட் கார்ட் வாங்கப் போனால் கடைக்கார நானா மிச்சக் காசைத் தந்துவிட்டு, "நாளைக்கு பயப்படாம பேசுங்க சேர்" என்கிறார். அவர் கடை இரண்டு மைல் தள்ளி.

மே 10, சனி
நல்ல வெயில். 10.40க்குப் பாறை. சுற்றிலும் இருபத்தைந்து கூடை.
கங்காணி முகத்தில் ஒன்றும் இல்லை. "மழைக்கு கொழுந்து சீக்கிரம் வந்துருச்சுங்க."
கூடையோடு நின்ற மாரியாயி அக்கா ஆறுதல் சொன்னார்: "நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் சேர். நீங்க பாட்டுக்கு பேசுங்க."

11.05. மணி அடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வட்டகொடைப் பள்ளியை விட்டு வர வேண்டுமா? இதுதான் கேள்வி. இதற்கு மட்டும் நான் வாக்கியம் தயாரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னேன்.
"கேக்கலைங்க. சத்தமா சொல்லுங்க" என்றாள் சாந்தி.
கத்தினேன். "வேலைய விட வேணாம். நான் அங்க வந்து இருக்கேன். ஸ்கூலுக்கு ரயில்ல போய் வர்றேன்."
லைன் கட்.
நான்கு திசையும் திரும்பிப் பார்த்தேன், ஒற்றைக் காலில்கூட. கவரேஜ் இல்லை. அவள் கேட்டாளா? மலையில் ஓர் இலை கிள்ளும் சத்தம்கூட இல்லை. மாரியாயி அக்காதான், "அந்தப் புள்ளைக்கு கேட்டிருக்கும் சேர். இங்கருந்து றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

11.20. மறுபடி மணி. அவள் பின்னால் ஏகப்பட்ட சிரிப்பு. வட்டகொடையில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மட்டும்தான் கவரேஜாம். ரயில் வேறு தாமதம்.
"இங்க எல்லாரும் சரின்னுட்டாங்க" என்றாள். பிறகு, "நானுந்தான்."

போனைக் கீழே இறக்குவதற்குள் கங்காணியின் குரல்: "சரி சரி, எல்லாரும் மூணாம் நம்பருக்கு நடங்க."
கூடைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் கொழுந்து இல்லை.