ஏழாம் எண் எங்கே?

2024 மே 14, செவ்வாய்

காலை எட்டு மணிக்குப் பதினொரு பாகை வெப்பம். காற்று கடல் பக்கமிருந்து. இடது முழங்கால் பரவாயில்லை.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு வாசல் மணி ஒலித்தது. முதல் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். ஒரே நிறத்தில் மழைச்சட்டை அணிந்த டச்சுத் தம்பதி.

"மன்னிக்கணும் ஐயா, ஏழாம் எண் எங்கே இருக்கு?"

அவர்களின் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரில் திருகிய நீல வட்டத்தகட்டில் 7 என்று எழுதியிருக்கிறது. சுட்டிக்காட்டினேன்.

"அது தெரியுது. ஆனா கைப்பேசியில ஆறு முடிஞ்சதும் எட்டு வந்துடுதே!"

நீர்க்கரை நடை, வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் தாமே ஸ்டாக்ஹோமைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கானது. படகுத்துறையில் தொடங்கிப் பன்னிரண்டு நிறுத்தங்கள். ஏழாவது, எங்கள் வாசலுக்கு மேல் பதித்திருக்கும் கல். அதைப் பற்றிய எண்பத்து நான்கு சொற்களை 2011 மார்ச்சில் எழுதிக் கொடுத்தவன் நான். அவற்றைப் பதின்மூன்று ஆண்டுகளாக என் ஜன்னலுக்குக் கீழே பல உச்சரிப்புகளில் உரக்கப் படித்துவந்தார்கள். சகித்துக்கொண்டேன். இந்த ஆண்டு அச்சிட்ட வழிகாட்டித் தாளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கைப்பேசிக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் ஏழு காணாமற்போயிருக்கிறது.

நாளை விசாரிக்க வேண்டும்.

மே 15, புதன்

நடையை நிர்வகிக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். வரிசையில் பதினெட்டாவது ஆள். பேசியவர் பெயர் யெர்க்கர். குரலைக் கேட்டால் முப்பத்தைந்து வயதிருக்கும்.

"உங்க கல்லுல தேதி தப்பா இருக்குங்க. 1712 பிப்ரவரி 30. கணினி ஏத்துக்க மாட்டேங்குது."

"தேதி சரி. கணினிதான் தவறு."

"28-ன்னு போட்டுடலாமா?"

"முடியாது."

"அப்போ 29? அந்த வருஷம் 29 வரைக்கும் ஏத்துக்குது."

"ஏலமா விடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

பிறகு பொறுமையாக விளக்கினேன். 1700இல் இந்த நாடு பழைய காலண்டரிலிருந்து புதியதற்கு மெல்ல மெல்ல நகர முடிவு செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு பிப்ரவரி 29 என்ற மிகைநாளே கிடையாது என்றார்கள். முதல் மிகைநாளை விட்டார்கள். அப்புறம் போர் மும்முரத்தில் திட்டத்தையே மறந்து, அடுத்த இரண்டை விடாமல் கொண்டாடிவிட்டார்கள். பழைய காலண்டரோடும் ஒட்டாமல் புதியதோடும் ஒட்டாமல் பன்னிரண்டு ஆண்டுகள் தனியே மிதந்தோம். கடைசியில் வெட்கப்பட்டுப் பழையதற்கே திரும்ப, ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த நாள்தான் 1712 பிப்ரவரி 30. அன்றுதான் யோரன் என்ற கயிற்று வணிகர் இந்த வீட்டில் குடிபுகுந்தார். கல்லில் அப்படியே வெட்டிவைத்தார்.

"சுவாரசியமா இருக்குங்க" என்றார் யெர்க்கர். "ஆனா கட்டம் சிவப்பாயிடுது."

மே 24, வெள்ளி

ஒன்பது நாட்களில் முப்பத்தோரு முறை மணி அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இறங்கிச் சென்று விளக்குகிறேன். சுருக்கிச் சுருக்கி ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில் கால அட்டவணைகளைச் சரிபார்த்தவனுக்கு இது பெரிதல்ல.

யாரும் கேள்வி கேட்பதில்லை. "ஓ" என்கிறார்கள்.

மே 28, செவ்வாய்

நிலவறையில் உள்ள சலவை அறையின் கதவில் ஒரு சீட்டு:

"வாசலில் சொற்பொழிவு நிகழ்த்தும் அன்பருக்கு: நீங்கள் அங்கே காலண்டர் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் நேரம் முடிந்து நாற்பது நிமிடமாகியும் உங்கள் துணிகள் இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தன. எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். காலுறை பதின்மூன்று. அன்புடன், ஒரு குடித்தனக்காரர்."

பெயர் போடவில்லை. இந்த நகரத்தில் சலவை அறைச் சீட்டுக்கு யார் பெயர் போடுகிறார்கள்? ஆனால் அந்த எழுத்து இரண்டாம் மாடி ராக்ன்ஹில்டுடையது. முப்பத்தோரு ஆண்டுகள் தீவுப் படகு ஓட்டியவர். இப்போது எங்கள் வீட்டுச் சங்கத்தின் தலைவி. பக்கத்துச் சமையலறையில் பேசும்போதும் எதிர்க்கரைக்குக் கேட்க வேண்டும் என்பது போலப் பேசுவார்.

அதன் கீழே என் சீட்டை ஒட்டினேன்: "நாற்பது அல்ல, முப்பத்தாறு நிமிடம். காலுறை பதினான்கு போட்டேன். அன்புடன், இன்னொரு குடித்தனக்காரர்."

ஜூன் 6, வியாழன்

தேசிய நாள். கொடிகள். பதினேழு பாகை.

பதினோரு மணிக்கு ஜெர்மானியர் எட்டுப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். போர் வரைக்கும் வந்தாயிற்று. ராக்ன்ஹில்ட் குப்பைப் பையோடு இறங்கி வந்தார், நின்றார்.

"அட, இவர் சொல்றதை விடுங்க. நான் சொல்றேன், கேளுங்க. இந்த யோரனோட மாமியார் 'என்னை எப்போப்பா உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே'ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. இவன் தப்பிக்கறதுக்காக 'பிப்ரவரி முப்பதாம் தேதி வந்துடுங்க அத்தை'ன்னு வாக்குக் குடுத்துட்டான். ராஜா அந்த வருஷம் பார்த்து பிப்ரவரி முப்பதை உண்டாக்கிட்டார். கிழவி பெட்டியோட வந்து நின்னா! அந்தத் துக்கத்தைத்தான் கல்லுல வெட்டி வெச்சிருக்கான்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் கல்லைப் படம் எடுத்தார்கள். நான் சொன்னபோது ஒருவர்கூட எடுக்கவில்லை.

"யோரனுக்குக் கல்யாணமே ஆகலை! தேவாலயப் பதிவேட்டுல இருக்கு!" என்று கத்தினேன். கத்தினேன்தான், நடுத்தெருவில்.

"அப்போ மாமியாருக்கு இன்னும் கோபம் வந்திருக்குமே ஆல்கொட்" என்றார் ராக்ன்ஹில்ட்.



ஜூலை 3, புதன்

அலுவலகத்திலிருந்து கடிதம். செப்டம்பர் 30 அன்று ஏழாம் எண் தகட்டைக் கழற்றிவிடுவார்களாம். எட்டை ஏழாக்கி மற்றவற்றுக்கும் எண் மாற்றுவார்களாம். நிறுத்தம் நீடிக்க வேண்டுமானால் செப்டம்பர் 15க்குள் வீட்டுச் சங்கத் தலைவரின் ஒப்பத்தோடு இணையப் படிவம் வர வேண்டும்.

சங்கத் தலைவர்! இப்போதுதான் சலவை அறையில் என் எட்டாவது சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வியாழன்

ராக்ன்ஹில்ட் தன் தீவுக் குடிலுக்குப் போய்விட்டார். ஆகஸ்ட் பாதிவரை திரும்பமாட்டார். அலுவலகத்துக்கு அழைத்தால் விடுமுறை என்று இயந்திரம் சொல்கிறது. ஜூலையில் இந்த நாட்டில் செத்துப்போனாலும் தூக்க ஆளிருக்காது.

ஜூலை 19, வெள்ளி

மணி ஆறு முறை. "ஓ" ஆறு.

மாமியார் கதைக்கு ஏன் சிரித்தார்கள்? அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சங்கக் கூட்டம். காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி. ஐந்து பேர். பொருள் எண் ஆறு: வாசற்கல். எழுந்து நின்று பேசினேன்.

ராக்ன்ஹில்ட் மரச்சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

"கையெழுத்துப் போடறேன். ஒரே நிபந்தனை. சலவை அறையில இருக்கற உங்க பதினோரு சீட்டையும் நீங்களே உங்க கையால கிழிக்கணும்."

"ஒன்பது."

"பதினொண்ணு."

கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு ஐவரும் நிலவறைக்கு இறங்கி எண்ணினோம். பதினொன்று. நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

படிவம் நிரப்ப ராக்ன்ஹில்ட் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் காலணியைக் கழற்றியதும் என் பாதங்களைப் பார்த்தார். ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. உள்ளே போய் ஒரு காலுறையோடு வந்தார். பதினான்காவது! சலவை இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். மே மாதத்திலிருந்து வைத்திருக்கிறார். இஸ்திரி போட்டிருந்தார். காலுறைக்கு யார் இஸ்திரி போடுவார்கள்?

படிவத்தைத் திறந்தோம். தேதிக் கட்டத்தில் 30 என்று அடித்தார். சிவப்பு. 29, பச்சை.

"29-ன்னே இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு நாள்தானே, ஆல்கொட்?"

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

"ஒரு நாள்தானேவா? அந்த நாள் இருந்துச்சு ராக்ன்ஹில்ட்! அன்னைக்கு ஜனங்க எழுந்தாங்க, கஞ்சி குடிச்சாங்க, படகைக் கட்டினாங்க. யாரோ பிறந்திருப்பாங்க, யாரோ செத்திருப்பாங்க. ஒருத்தர் இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சார். இப்போ ஒரு கட்டம் சிவப்பாவுதுன்னு அப்படி ஒரு நாளே இல்லேன்னா... அந்தக் கல்லு ஒண்ணுதான் அதுக்குச் சாட்சி. அப்புறம் நான்."

சமையலறைக் கடிகாரம் ஓடும் ஓசை கேட்டது. இரண்டு விநாடி பின்தங்கி ஓடுகிறது, நான் சொல்லவில்லை.

"இன்னைக்குக் கணக்குல அது என்ன தேதி?" என்று கேட்டார், முதல் முறையாகத் தாழ்ந்த குரலில்.

"மார்ச் 11."

காப்பி ஊற்றினார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை மேலிருந்து பார்த்தார். "இங்க பாருங்க. மேல 'நிறுத்தத்தின் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. பெயருக்கு எதை வேணும்னாலும் எழுதலாமே?"

எழுதினார்: 1712 பிப்ரவரி 30. பச்சை.

நான்கு மாதங்கள். நான்கு மாதங்களாக நான் ஒரே கட்டத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதில் இன்னொரு வழிதான் இருந்தது: "தெரியவில்லை." என் வாசற்கல்லின் தேதி தெரியவில்லையாம்! யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பெயர்: 1712 பிப்ரவரி 30. தேதி: தெரியவில்லை. முட்டாள்கள் எழுதியது போல இருக்கிறது.

ஆனால் ஒரு பொய்கூட இல்லாத வழியும் இது ஒன்றுதான். கணினிக்குத் தெரியவில்லை, அது உண்மைதானே.

செப்டம்பர் 13, வெள்ளி

மாடியேறிச் சென்று "சரி" என்றேன். "இன்னொரு முறை சொல்லுங்க, காதுல விழல" என்றார். விழுந்திருக்கும். அனுப்பினோம், பகல் 2.05.

செப்டம்பர் 30, திங்கள்

எட்டரைக்கு ஏணியோடு ஓர் ஆள் வந்து தகட்டைக் கழற்றினார். நான் மேலங்கிகூட இல்லாமல் ஓடினேன். ராக்ன்ஹில்ட் மாடி ஜன்னலிலிருந்து, "கையை எடுய்யா அதுலேர்ந்து!" என்று கத்தினார். துறைமுகம் முழுவதற்கும் கேட்டிருக்கும்.

அந்த ஆள் பையிலிருந்து புதிய தகட்டை எடுத்துக் காட்டினார். அதே 7. பழையது துருப்பிடித்துவிட்டதாம். பயந்துபோயிருந்தார். காப்பி கொடுத்தோம்.

அக்டோபர் 9, புதன்

கைப்பேசியில் ஏழு வந்துவிட்டது. என் எண்பத்து நான்கு சொற்கள், ஒரு பெண்ணின் குரலில். இன்று பதினோரு பேர் காதில் பொருத்திக்கொண்டு நின்று கேட்டார்கள். யாரும் மணி அடிக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

மணி இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மணி இல்லை. நிம்மதி. இதைத்தானே கேட்டேன்?

நவம்பர் 5, செவ்வாய்

மணி பழுதாகியிருக்குமோ என்று கீழே போய் நானே அடித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

பல் மருத்துவரிடம் சென்றேன். என்ன செய்தி என்று கேட்டார். கல்லைப் பற்றிச் சொன்னேன். "ஓ" என்றார். பிறகு (ஏன் செய்தேன் என்று தெரியவில்லை) மாமியார் கதையைச் சொன்னேன். கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாசல் வரை வந்து, யோரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் தெரிவித்துவிட்டே கிளம்பினேன்.

ராக்ன்ஹில்டிடம் சொல்லக்கூடாது.

2025 மார்ச் 4, செவ்வாய்

ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய். ஆண்டில் இந்த ஒரு நாளில் மட்டும், மாலை மூன்று மணிக்கு, ஒரே ஒரு செம்லா சாப்பிடுவது என் வழக்கம். பாதாம் விழுதும் க்ரீமும் திணித்த அந்தப் பன்னைக் கடைகளில் ஜனவரியிலேயே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள், அது ஒழுக்கக்கேடு. படியில் ராக்ன்ஹில்ட் எதிர்ப்பட்டபோது அதைச் சொன்னேன். "ஒரு வாரம் தள்ளிச் சாப்பிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். "அது செம்லா அல்ல, வெறும் பன்" என்றேன்.

தனியே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

2025 பிப்ரவரி 30

சுவர்க் காலண்டரில் மார்ச் 11, செவ்வாய். காலை இரண்டு பாகை. பனி உருகுகிறது.

சரியாக மூன்று மணிக்கு வாசல் மணி ஒலித்தது. நானே அடித்துப் பார்த்ததை விட்டுவிட்டால், நூற்று ஐம்பத்து நான்கு நாட்களுக்குப் பிறகு. இரண்டிரண்டு படியாக இறங்கினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே ராக்ன்ஹில்ட் நின்றிருந்தார். மழைச்சட்டை, கழுத்தில் ஒரு பழைய கேமரா, கையில் அடுமனைப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு செம்லா.

"மன்னிக்கணும் ஐயா" என்றார், அந்த டச்சுக்காரர்களைப் போலவே. "ஏழாம் எண் எங்கே இருக்கு?"

காட்டினேன். போர் வரை சொன்னேன். அவர் "ஓ" என்று சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். பிறகு மாமியார் எந்தப் படகில் வந்திருப்பார் என்பது குறித்து, என் சமையலறையில் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டியிருந்தது.

ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் முடிய வேண்டிய விளக்கம். இரண்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

செம்லா, செம்லாவாகத்தான் இருந்தது.