எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வி

ஞாயிறு, இரவு

மகளைப் பெண் பார்க்க இன்று முசலியிலிருந்து வந்தார்கள். நான் அலுமாரிக்குள் வைத்திருந்த வீரப் பதக்கத்தை மச்சான் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார். குடும்பத்துக்கு மதிப்பாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

மாப்பிள்ளையின் வாப்பா கதிரையில் இருந்தபடி அதையே பார்த்தார்.

"ஆமியில இருந்தனீங்களோ? எத்தனை பேரைச் சுட்டீங்கள்?"

எத்தனை வருடமாக இதே கேள்வி! சண்டைக்கு நடுவில் காயப்பட்டுக் கிடந்த ஒருவனைத் தோளில் சுமந்து வந்ததற்குத்தான் அதைத் தந்தார்கள். அதைச் சொன்னேன்.

"சும்மா சொல்லாதீங்கோ. அதுக்கெல்லாம் பதக்கம் குடுப்பாங்களோ?" என்று சிரித்தார்.

தேநீரோடு வந்த மகள் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த ஆள் குருநாகலில உயிரோடதான் இருக்கிறார். கதைக்கப் போறீங்களோ? போன் எடுத்துத் தாறன்."

வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாலை முழுக்க மச்சான் ஏசினார். பிள்ளையை வளர்த்த விதம் சரியில்லையாம். மாட்டியது அவர், ஏச்சு எனக்கு! பொறுங்கோ, பதில் வரட்டும் என்றேன்.

"என்ன பதில் வந்தாலும் எனக்கு அந்த வீடு வேண்டாம், வாப்பா" என்றாள் மகள்.

சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் சந்தோஷப்படுவதா, தலையில் கை வைப்பதா என்று தெரியவில்லை. விடிந்தால் மச்சான் வேறு வந்து மறுபடி ஏசுவார்.