தி.நகருக்குக் குடிபோகும் மெஷின்

7.9.98, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். சாயங்காலம் மழை. கம்ப்யூட்டர் சென்டரில் மறுபடி ஒழுகல், பிளாஸ்டிக் வாளி வைத்தாச்சு. இந்த ஒழுகலால்தான் யூனிவர்சிட்டி மெஷின் தி.நகருக்குக் குடிபோகிறது. அங்கே புதுக் கட்டடத்தில் பெரிய ஹால். பல கம்பெனிகளின் மெஷின்களை வாடகைக்கு வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். லாட்ஜ் மாதிரி.

மெஷினுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு? ரிஜிஸ்ட்ரார் சொல்கிறார்: "அங்க அவாளே பாத்துப்பாளாமே. நீங்க பரீட்சைப் பிரிவுல உக்காந்துடுங்கோ." எட்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்ட மெஷின். கெஞ்சியதில் ஒரு வாக்கு: அங்கே சிக்கலில்லாமல் ஓடினால் நானும் கூடவே போகலாம்.

வாங்க: சணல் கயிறு, பெரிய பாலிதீன், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

9.9.98, புதன்

ராகு காலத்துக்கு முன்னால் லாரி கிளம்பியே ஆகணும் என்று சூப்பரின்டெண்டென்ட் கோமதியக்கா ஒற்றைக்காலில். மெஷினை நிறுத்தினேன். அந்த இரைச்சல் அடங்கியதும் அழுகை வந்தது. லாரிக்காரர் எதிரில் அடக்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, பீரோ கணக்கா கீது. உள்ள இன்னா?"

"காலேஜ் பசங்க மார்க் எல்லாம்."

"என் பையனுதும் கீதா? மூணு தபா பெயிலு. நல்லா குலுக்கிக்கினு போறேன், மாறுதா பாப்போம்."

வழியெல்லாம் லாரியில் மெஷினைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆனால் ஹாலில் ஸ்விட்ச் போட்டதும் ஓடியது! ஜெயித்தாச்சு என்றே நினைத்தேன்.

அப்போது கோமதியக்கா கைப்பையிலிருந்து கற்பூரம். "புது இடம்டி. ஒரே ஒரு வில்லை." சாமி காரியம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கூரையில் மணி அலறியது. புகை என்றால் ஹால் முழுக்க கரெண்ட் தானே நின்றுவிடுமாம். எங்கள் மெஷின், பக்கத்தில் இருந்த பேங்க் மெஷின், எல்லாம் படுத்தன. ஹால் மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு கத்தினார்: "இனிமே உங்க ஆளுங்க யாரும் உள்ள வரக் கூடாது. நாங்களே பாத்துக்கறோம்."

"திருஷ்டிடி" என்றாள் கோமதியக்கா. வந்த கோபத்துக்கு அவளையும்... விடு.

10.9.98, வியாழன்

தூறல். ரிஜிஸ்ட்ரார் அறையில் மண்டகப்படி. என்னைப் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றும் ஆர்டர் வெளியே டைப் ஆகிக்கொண்டிருந்தது. நடுவில் அவர் மேஜை போன். ஹால் மேனேஜர், என்னைக் கேட்டு. மெஷின் எழுந்துவிட்டது, பாஸ்வேர்ட் கேட்கிறதாம்.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க மேடம்."

எதிரே ரிஜிஸ்ட்ரார், காதைத் தீட்டிக்கொண்டு. இங்கேகூட எழுதக் கூடாது, எழுதுகிறேன். பாஸ்வேர்ட்: தூங்குமூஞ்சி. எந்த மீட்டிங்கானாலும் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும் இந்த மனுஷருக்கு சென்டரில் நாங்கள் வைத்த பேர்.

போனை அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். "போன்ல சொல்லக் கூடாது சார். நானே நேர்ல வந்துதான் அடிக்கணும்."

ரிஜிஸ்ட்ரார் நிமிர்ந்தார். "பேஷ்! ரகசியம்னா ரகசியமா இருக்கணும்." போனைப் பிடுங்கி மேனேஜரை ஒரு பிடி. "எங்க மனுஷா இல்லாம எங்க மெஷினைத் தொடப்படாது. இந்தம்மா தினம் அங்க வருவா, கேட்டேளா?" வெளியே குரல் கொடுத்து ஆர்டரை நிறுத்தினார். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

அடுத்தது: "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கோ. நானும் வரேன்."

வாசலில் என் கைப்பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அடித்தேன். திறந்தது. நல்லவேளை, எழுத்து திரையில் தெரியாது. ஆனால் அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இவ்ளோ நீளமா? என்ன பேரு அது?"

"மரம் சார். நம்ம காம்பஸ்ல நிறைய நிக்குது."