குடும்பப் பெயர்க் கட்டம்

மார்ச் 3, 2014. திங்கள்

காலைக் கூட்டம். எங்கள் முதியோர் இல்லத்தில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பேனா கிடையாதாம். யார் என்ன சாப்பிட்டார், எத்தனை முறை எழுந்தார், எப்படித் தூங்கினார், எல்லாம் கணினியில்தான் எழுத வேண்டும். மாடிப் பொறுப்பாளர் இகராஷி சான் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லஸ்த்ரி சான், உங்களுக்கு இது சிரமம்னா சொல்லுங்க. கீழ சலவை அறையில ஆள் பத்தல. அங்க எழுத்து வேலையே இல்ல."

அக்கறையாகத்தான் சொன்னார். திட்டினால் பதில் சொல்லலாம், அக்கறைக்கு என்ன சொல்வது? குனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தோனேசியாவிலிருந்து வந்து ஆறு வருடம். இவர்கள் மொழியிலேயே இவர்கள் அரசுத் தேர்வை எழுதித் தேறியவள் நான். கணினியைத்தான் தொட்டதில்லை, கைபேசியில் கட்டைவிரலால் தட்டுவதோடு சரி. சலவை அறையில் மனிதர்கள் கிடையாது, அவர்களுடைய விரிப்புகள் மட்டும். நான் போக மாட்டேன்.

மார்ச் 5. புதன்

எங்கள் மாடி வதாபே பாட்டியம்மா இன்று கஞ்சி முழுக் கிண்ணம். பதிவேட்டில் நான்கு வரி எழுதினேன், கையால்.

மார்ச் 8. சனி

அறைத்தோழி முர்னியோடு கணினிக் கடைக்குப் போனேன். நாகஒகா ஊரே அங்கேதான் இருந்தது. ஏப்ரலில் வரி ஏறுகிறதல்லவா, அரிசி வேகவைக்கும் பாத்திரம் முதல் குளிர்பெட்டி வரை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கடைப் பையன் என் முக்காட்டைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். நான் ஜப்பானியத்தில் கேட்டேன். மறுபடியும் ஆங்கிலம். நேராக ஒரு மூலைக்குக் கூட்டிப் போய், ஆங்கில விசைகள் மட்டும் உள்ள ஒன்றைக் காட்டினான்.

"வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. உங்களுக்கு இது சுலபம்."

"எனக்குச் சுலபமானது வேண்டாம். இங்க ஆபீஸ்ல இருக்குற மாதிரி வேணும்."

"அக்கா, இதையே வாங்கிடு. ஊருக்குப் பேசறப்போ உன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியும்," என்றாள் முர்னி. அவளுக்குக் கால் வலி.

ஜப்பானிய விசைப்பலகை உள்ளவை எல்லாம் தீர்ந்துபோய், ஏப்ரல் நடுவில்தான் வருமாம். மேசையில் எல்லோரும் தட்டிப் பார்க்க வைத்திருந்த ஒன்று மட்டும் மிச்சம். விசைகள் எண்ணெய்ப் பசையோடு மின்னின. அதைக் கொடு என்றேன்.

உத்தரவாதச் சீட்டில் இன்னொரு கூத்து. குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். இங்கே லஸ்த்ரி என்று சுருக்கினாலும் என் குடியிருப்பு அட்டையில் இருப்பது சுலஸ்த்ரி, அவ்வளவுதான். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ஒரே பெயர்தான். கட்டம் காலியாக இருந்தால் இயந்திரம் ஏற்காது என்று பையன் வியர்த்துப் போனான். கடைசியில் இரண்டிலும் அதையே போட்டான். கணினியின் சொந்தக்காரி சுலஸ்த்ரி சுலஸ்த்ரி.

மார்ச் 9. ஞாயிறு

நான்கு வரி. நாற்பது நிமிடம். ஒற்றை விரல்.

மார்ச் 13. வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு — 'அ' அடிச்சா 'சி' வருது, 'கஞ்சி'ன்னு அடிச்சா வாயில நுழையாத ஏதோ வருது. ஊர்பட்ட பேர் தட்டின பெட்டியை வாங்கினேனே, எனக்கு வேணும். ஏப்ரலுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான். பேசாம அந்த ஆங்கிலப் பெட்டியையே வாங்கியிருக்கலாமோ? வாங்கி? அதுல என்னத்தைப் பழகறது?

முர்னி எட்டிப் பார்த்து, "அக்கா, இதுக்குள்ள ஏதோ புகுந்திருச்சு. ஓதி ஊது," என்றாள். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15. சனி

குளியல் துண்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பையன் இல்லை. முகமூடி போட்டு இருமிக்கொண்டிருந்த ஒரு பெண், சட்டையில் தகானோ என்ற பெயரட்டை. திரையைப் பார்த்தாள். கீழ் வரிசையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். சரியாகிவிட்டது.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. தகானோ சான் துண்டை மடித்துக் கொடுத்தபடியே சொன்னாள்:

"வெக்கப்படாதீங்க. நீங்க ஆங்கில எழுத்தை அடிச்சு ஜப்பான் எழுத்தா மாத்துறீங்க. விசை மேல ஜப்பான் எழுத்தும் போட்டிருக்கு பாருங்க. அதையே நேரா அடிக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கான ஏற்பாடு இது. கை தவறிப் பட்டா மாறிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே ஒரு நாள் பூரா உக்காந்து அழுதிருக்கேன்."

பிறகு என்னையே ஐந்து முறை கெடுக்கச் சொல்லி, ஐந்து முறை சரிசெய்ய வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

மார்ச் 22. சனி

நான்கு வரி, பதினொரு நிமிடம்.

கணினிக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் மாடியில் பன்னிரண்டு பேர். பட்டியலில் பதினொன்று. இகராஷி சானிடம் கேட்டேன்.

"உங்க பேரைப் பதியறப்போ ஏதோ தகராறு பண்ணிச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்."

இந்த ஊர் 'அப்புறம்' எனக்குத் தெரியும். மாலையில் என் கொக்கியில் சலவை அறையின் நீல மேலங்கி தொங்கியது. என் அளவு. கோபம் வந்தது. கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 28. வெள்ளி

ஹொன்மா சான் ஓய்வறையில் மூங்கில் இலைக் கொழுக்கட்டை கொடுத்தார். என் மாடியில் மூத்தவர், ஐம்பத்தெட்டு வயது, பதினேழு வருட வேலை.

"கீழ கதகதப்பா இருக்கும். பனிக் காலத்துக்கு சுகம்."

"நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் பழகிட்டு இருக்கேன்."

"அப்படியா! ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

அவர் இலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். கேட்காதது அவர்கள் தப்பு, சொல்லாதது என் தப்பு. ஆறு வருடத்தில் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன்.

ஏப்ரல் 1. செவ்வாய்

சலவை அறையில் முதல் நாள். ஒன்பதே முக்காலுக்குத் துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனால், எல்லோரும் கணினியைச் சுற்றி நிற்கிறார்கள். பத்து மணிக்கு டாக்டர் வருவார், காலை உணவுப் பதிவு அவருக்கு வேண்டும். ஹொன்மா சான் நாற்காலியில். திரை முழுக்கக் குப்பை. கணினி போட்டுக்கொடுத்தவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அணைத்துப் போட்டால் எழுதியது போய்விடுமோ என்று அதற்கும் பயம்.

"நான் ஒண்ணுமே பண்ணல, சத்தியமா ஒண்ணுமே பண்ணல," என்று ஹொன்மா சான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வண்டியை விட்டுவிட்டு, "மன்னிக்கணும்" என்று அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி இரண்டு விசைகளை அழுத்தினேன்.

இகராஷி சான் என்னைப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

"கை பட்டா மாறிடும். எனக்கும் ஆச்சு."

"எங்க?"

"வீட்டுல. ஒண்ணு வாங்கியிருக்கேன்."

மணியைப் பார்த்தார். "உக்காருங்க."

ஹொன்மா சான் எழுந்து இடம் விட்டார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். வதாபே பாட்டியம்மா இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாராம். கடைசி வரி முடியும்போது டாக்டர் வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தார். பதிந்தவர் பெயர் ஹொன்மா என்று திரையில் வந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். உலர்த்தி நின்றிருந்தது. விரிப்புகளை மடித்தேன்.

ஏப்ரல் 3. வியாழன்

இகராஷி சான் சலவை அறைக்கு வந்தார், கையில் ஒரு தாள்.

"குடும்பப் பேர் கட்டத்தைக் காலியா விட்டா ஏத்துக்க மாட்டேங்குது. அன்னிக்கு உங்களைக் கேக்காம அதோட விட்டுட்டேன். என் தப்புதான்." குனிந்தார், நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக. "என்ன போடட்டும்?"

"அதே பேரை இன்னொரு தடவை போடுங்க. கடையில அப்படித்தான் போட்டாங்க."

எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 4. வெள்ளி

காலை. மறுபடி மாடி. வதாபே பாட்டியம்மா: கஞ்சி முழுக் கிண்ணம், தேநீர் பாதி. பனி முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். ஆறு நிமிடம்.

பதிந்தவர்: சுலஸ்த்ரி சுலஸ்த்ரி.