மூத்த தாரத்துக்குப் புதுக் கம்பி

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் நம் மகள் ஷிஹாராவும் மாமியும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். உங்கள் மூத்த தாரமும் சுகம். நான் கல்யாணம் முடித்து வருமுன்பே அலுமாரிக்கு மேலே இடம் பிடித்துவிட்ட உங்கள் பழைய பித்தளை ட்ரம்மைத்தான் சொல்கிறேன். போனில் சொன்னால் முதல் வசனத்திலேயே பதறுவீர்கள். அதனால் முழுவதையும் எழுதி, கட்டாருக்குத் திரும்பும் நௌஃபரிடம் கொடுத்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் ஷிஹாராவுக்கு பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம் அடிக்க இடம் கிடைத்தது. நீங்கள் லீவில் வந்து பார்ப்பதாகச் சொன்ன அதே போட்டிதான். பள்ளிக்கூடத்து ட்ரம் தோல் கிழிந்து கிடப்பதால், வீட்டிலிருப்பதைக் கொண்டுவந்தால்தான் அந்த இடம் என்று மக்தலேனா டீச்சர் சொல்லிவிட்டார்.

நம்முடையதற்குத் தோல் நல்லம், குரல்தான் இல்லை. அடித்தோலில் படிந்து கிடந்து அதிரும் சுருள் கம்பிகள் துருவேறி உதிர்ந்துவிட்டனவே. நீங்கள் அனுப்பிய புதுக் கம்பியைப் பூட்ட ஹமீட் நானாவைக் கூப்பிட்டேன். ஆணி அடிப்பது முதல் போட் எஞ்சின் பிரிப்பது வரை தனக்குத் தெரியாத வேலையில்லை என்று என் கூடப்பிறந்த நானா சொல்லிக்கொள்வார், தெரியும்தானே.

கம்பியை அடித்தோலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலால் இழுத்துக் கட்டி, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டு, நுனியை நெருப்புக்குச்சியால் சுட்டும் விட்டார். சுறா இழுத்தாலும் அவிழாதாம். உண்மைதான், அவிழவில்லை. ஆனால் ஷிஹாரா அடித்தபோது மீன் பெட்டியில் தட்டிய சத்தம்தான் வந்தது. யாரோ மா இடிக்கிறார்கள் என்று மாமி வெளியே எட்டிப் பார்த்தார்.

புதன்கிழமைக்குள் சரிவராவிட்டால் ஷிஹாராவைப் பின்வரிசையில் தாளம் போட நிறுத்துவேன் என்றார் டீச்சர். பிள்ளை அன்று சோறு தின்னவில்லை.

கம்பி தோலோடு இறுகிப்போனால் அதிராது, கொஞ்சம் தளர்த்தச் சொல் என்று கம்பியை அனுப்பியபோதே நீங்கள் போனில் சொன்னதை நானாவிடம் சொன்னேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர் அல்லவா. "தளந்த முடிச்சுப் போட்டவன் எண்டு இந்தக் கரையில நான் பேரெடுக்க ஏலா தங்கச்சி" என்று சொல்லி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய் காலையில் அவர் டொல்பின் பார்க்கும் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டு போன நேரம், மீன் வெட்டும் கத்தியால் இரண்டு முடிச்சையும் அறுத்தேன். எதைக் கொண்டு திரும்பக் கட்டுவது? கோபப்படாதீர்கள். என் பாவாடை நாடாவை உருவினேன். நாள் முழுக்க விழாமல் நிற்க வேண்டும், ஒரு இழுப்பில் அவிழவும் வேண்டும். அந்த முடிச்சு பெண்களுக்குத் தெரியாததா? ஷிஹாரா தட்டத் தட்ட நான் மெல்ல மெல்லத் தளர்த்தினேன். திடீரென்று திர்ர்ர் என்று ட்ரம் வாய் திறந்தது. "இப்பதான் இது லாபிர்ட ட்ரம்" என்று அடுப்படியிலிருந்து மாமி சொன்னார். உங்கள் பெயரைச் சொன்னதும் அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது.

தன் முடிச்சு இரண்டு நாளில் படிந்து சரிவந்துவிட்டது என்று நானா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். ட்ரம்மைக் கவிழ்த்துப் பார்க்காதவரை என் மானமும் தப்பும், அவர் மானமும் தப்பும்.

நேற்றுப் போட்டி. ஷிஹாரா முன்வரிசையில்தான் வந்தாள். கம்பெனி உங்களை இன்னும் ஒரு வருடம் நிற்கச் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை, வாய் வரவில்லை. பெற்றாருக்குப் போட்டிருந்த கதிரைகளில், எனக்குப் பக்கத்துக் கதிரையில் தன் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனாள். வாப்பா பிந்தி வந்தாலும் வெயிலில் நிற்கக் கூடாதாம். சனம் கூடக் கூட ஒவ்வொருவராக வந்து, இதில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஓம், வந்துகொண்டிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மச்சான், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்,
உங்கள் றம்லா