மெயில் போச்சு சார்

இன்று காலை இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பு மேடையில் கிடந்த போன் அதிர்ந்தது. ஈரக்கையை நைட்டியில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். "ரொம்பிகினு கீது. சீக்கிரம் வந்து பாருமே." அனுப்பியது என் பழைய அம்பத்தூர் ஆபீஸின் சர்வர். வார்த்தை உன்னுடையது. நீ போய் நான்கு மாதமாகிறது, உன் ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் என்னை ‘மே’ போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

போன மாதம் இது வந்திருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். உன் சாவு வீட்டில் அப்படி அழுதவள்தானே நான். அந்த அழுகையை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்த மாடி ஆபீஸில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள நாம் இரண்டே பேர். நான் சாத்தூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவள், நீ பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். உன் ‘இன்னாமே’யைக் கேட்டு முதல் வாரம் முறைத்தேன். இரண்டாவது வாரம் உன் டிபன் பாக்ஸில் கைவைத்தேன். அதற்குப் பிறகு நமக்குள் மரியாதை ஒன்றும் கிடையாது, வா போதான்.

பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர் நம் பொறுப்பில் இருந்தது. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு டெங்கு என்ற முடிவெல்லாம் அதில்தான் ஏறும். டிஸ்க் நிரம்பிவிட்டால் எதுவும் ஏறாது. அதைக் காவல் காக்கத்தான் நீ அந்த ஸ்கிரிப்டை எழுதினாய். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைப் பார்க்கும், கோளாறு என்றால் உனக்கும் எனக்கும் மெயில் போடும். ‘எச்சரிக்கை’ என்று லட்சணமாக எழுதக்கூடாதா என்று கேட்டேன். "எச்சரிக்கைன்னா எவன் படிப்பான்? கூப்பிட்ற மாரி கூப்ட்டாதான் திரும்பிப் பாப்பாங்கோ" என்றாய்.

அது சும்மாவும் கத்தும். ஞாயிற்றுக்கிழமை பேக்கப் ஓடும்போது சர்வர் கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், நூறு மெயில் வந்து விழும். காலையில் ஆபீஸ் வந்ததும் முதல் வேலை, குவிந்ததை மொத்தமாகப் பிடித்து ஒரே தட்டில் அழிப்பது. நீயும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயத்தில் நீ சுத்தம். எந்த ஃபைலில் கைவைத்தாலும் அதற்கு முன்னால் தேதியும் நேரமும் போட்டு ஒரு காப்பி எடுத்துவிடுவாய். "தப்பா பூட்ச்சின்னா திரும்பி வர்றதுக்கு வழி வோணும்ல" என்பாய்.

உன் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நீ தாய்மாமன். பட்டு வேட்டி, தட்டுத் தட்டாகச் சீர், முகமெல்லாம் வேர்வை. உன் சட்டைப் பையில் போன் ஓயாமல் அலறியது. பெண்ணுக்கு மாலை போடக் கையைத் தூக்கினாய், அப்போதும் அலறியது. வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு உன்னை முறைத்தார். மேடையை விட்டு இறங்கிவந்து என்னிடம், "ஒரு நிமிட்டு மே, இத்தோட வாய மூடிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போனாய். வந்தபோது போன் அமைதியாகிவிட்டது. என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தோம், பிரியாணி நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் நீ லீவு. புதன்கிழமை காலை பத்தரைக்குப் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது. டிஸ்க் நிரம்பிப்போய், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பதிந்த எந்த முடிவும் ஏறவில்லை. அத்தனை பேரையும் திரும்ப வரச்சொல்லி ரத்தம் எடுக்க வேண்டும். மேனேஜர் சார் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, அலர்ட் வரவில்லையா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வந்த மாதிரி இல்லை சார் என்று நான் இழுத்தேன். நீ இழுக்கவில்லை, என்னைக் கைகாட்டினாய்.

"மெயில் போச்சு சார். மொத்தமா அழிக்கச்சொல்லோ இதையும் அழிச்சிருக்கும். இருவது நாள்ல இதுக்குக் கல்யாணம், அந்த நெனப்புல கீது. இதுதான் பாக்கல."

சார் சிரித்தார். கூச்சத்தில் நானும் சிரித்துவைத்தேன். மெயில் உண்மையில் போனதா என்று சர்வரின் பதிவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் உன் பைக்கில்தான் பூந்தமல்லிக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய ஒரு சின்னப் பெண், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "உன் ஊட்டு கொயந்தயா இருந்தா இப்டி ரெண்டு வாட்டி குத்த உடுவியா?" என்று கேட்டாள். நான் கைகூப்பி நின்றேன். நீ ஓரடி பின்னால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பா. விழாவில் மிச்சமான அதிரசம். "துன்னுமே. மூஞ்சியப் பாரு, சாவு ஊடு மாரி. எல்லாருக்கும் நடக்கறதுதான்." தின்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு இரண்டாவது தடவை ஊசி குத்தவைத்தவளுக்குச் சர்வர் வேலை எதற்கு? வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு இடம் பிடித்துக்கொடுத்ததும் நீதான். எட்டு வருஷம் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்து என் வத்தக்குழம்பைச் சாப்பிட்டாய். என் மகன் உன்னை மாமா என்றான். கேஸை மூடினேனா என்று நான் மூன்று தடவை போய்ப் பார்ப்பதையும், பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதையும் நீ சோபாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஒருநாள், "இன்னாமே, பைத்தியம் புட்ச்சிகிச்சா?" என்றுகூடக் கேட்டாய்.

நீ போனபின் சார் கூப்பிட்டார். உன் ஸ்கிரிப்ட் ஓடுகிற பழைய சர்வரைப் புதியதுக்கு மாற்ற வேண்டும், அவனை விட்டால் உனக்குத்தானம்மா தெரியும் என்றார். உனக்குச் செய்யும் கடைசி வேலை என்று நினைத்துத்தான் போனேன். ஸ்கிரிப்ட் இருந்த இடத்தில் உன் காப்பிகள் தேதி வாரியாக வரிசையாகக் கிடந்தன. என் கல்யாணத்துக்கு முந்தின மாதத்தில் இரண்டு. ஞாயிறு பதினொன்றரைக்கு எடுத்ததில் மெயில் அனுப்பும் வரி உயிரோடு இருந்தது. அடுத்தது புதன் மாலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தது. அதில் அந்த வரியின் தலையில் ஒரு #. ஒரு வரியை அழிக்காமல் அதன் வாயை மட்டும் மூட நாம் போடுகிற குறி. மண்டபத்தில் போட்டாய், எடுக்க மறந்தாய். புதன் மாலை அதைக் கண்டுபிடித்து, வழக்கம்போல் காப்பி எடுத்துவைத்துவிட்டு, சத்தமில்லாமல் குறியை நீக்கினாய். அந்த மூன்று நாளும் எனக்கு மட்டுமல்ல, உனக்கும் ஒரு மெயில் போகவில்லை.

புதன் காலை சாரிடம் சொன்னபோது உனக்கே நினைவில்லாமல் இருந்திருக்கலாம். சரி, தாய்மாமன் அலைச்சல், அதை விட்டுவிடுகிறேன். சாயங்காலம் தெரிந்துவிட்டதேடா பாவி! தெரிந்துகொண்டு மறுநாள் அதிரசம் கொண்டுவந்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? "என்னாலதான் மே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு உன்னோடேயே வேலை பார்த்திருப்பேன். என் கண்ணையே நான் நம்பாமல் எட்டு வருஷம் வாழ்ந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அந்தக் காப்பியை ஏன் அழிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். என்றாவது நான் பார்க்கட்டும் என்று விட்டாயா, வெறும் பழக்கதோஷமா? உனக்குச் சாதகமாக நினைக்க எனக்கு மனமில்லை.

சாரிடம் சொன்னேன். "போனவனப் பத்தி இப்ப எதுக்கும்மா, விடு" என்றார். நான் விடவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "அப்ப நீ பாக்காம விடலியா?" என்று கேட்டார். "மெயில் வரவே இல்ல சார்" என்றேன். உண்மை தெரிந்தால் அந்தப் பழக்கமும் போய்விடும் என்று நம்பினேன். போகவில்லை. இன்று காலையும் கேஸை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

புதிய சர்வரில் உன் ஸ்கிரிப்டை ஏற்றிவிட்டேன். மாற்றுவதற்கு முன் ஒரு காப்பி எடுத்தேன், அதுவும் நீ கொடுத்த பழக்கம்தான். பெறுநர் வரியில் என் முகவரியைத் திரும்பச் சேர்த்தேன். உன் முகவரியை நீக்கச் சொன்னார்கள், நீக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை, அதனால் போடுகிற மெயில் திரும்பி வருவதில்லை. இதுவரை எழுதியதையும் அந்தச் சர்வரிலிருந்தே, அந்த வரியிலேயே உனக்கு அனுப்பினேன். இந்த முறை பதிவைத் திறந்து மூன்று தடவை பார்த்தேன். போய்ச் சேர்ந்தது என்றுதான் இருக்கிறது.

மெயில் போச்சு. நீதான் பாக்கல.